சுவர் ஓரத்துக் குழி

ஜூலை 4

என்னங்க,

நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். அத்தையின் முட்டிவலி புதுத் தைலத்துக்குக் கேட்டதா?

உங்கள் சித்தப்பாவும் சித்தியும் நேற்றுக் காலை கிளம்பினார்கள். சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தவர்கள், கூட்டத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு தங்கினார்கள். இங்கே மூன்று மாடிக்கு லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று சித்தப்பா ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் பக்கம் நின்று ஊரைப் பாராட்டினார். என் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டேன். பள்ளியில் இரண்டு நாள் லீவு சொல்லி ஊரெல்லாம் சுற்றிக் காட்டினேன். தினமும் நாலு வகை சமைத்தேன். தனியாக இருக்கிற நாளில் என்ன சமைக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

சித்தி கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டு, "ராணி மாதிரி இருக்கடி"ன்னு சொன்னார். வந்தவர்களிடம் அழுது வடிய முடியுமா? நானும் ராணி மாதிரியே சிரித்து வைத்தேன்.

ஒரு விஷயம். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேனா, இல்லையா என்று ஜனவரி கடைசிக்குள் பள்ளிக்குச் சொல்லிவிட வேண்டும். இருந்தால், ஊருக்கு வரும் லீவு அது முடிந்த பிறகுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? டிசம்பரில் எனக்கு மூன்று வாரம் விடுமுறை. அப்போது நீங்கள் வந்தால் நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம்.

உங்கள்,
டீச்சர்


ஜூலை 29

டீச்சருக்கு,

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். முட்டிவலி தைலத்துக்குக் கேட்டுவிட்டது, அம்மாதான் நான் சொல்வதைக் கேட்பதில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிள்ளைகளின் தப்புக் கணக்கை அடித்துப் பழகிய கை உனக்கு. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

சித்தப்பா பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கடைக்கு வந்தார். "உன் பொண்டாட்டிக்கு அங்க ஒரு குறையும் இல்லடா. வச்ச சிரிப்பு மாறாம இருக்கா. இங்க இருந்தப்பக்கூட இப்படி இருந்ததில்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒப்பந்த விஷயம் உன் இஷ்டம். போ என்று சொன்னவனே நான்தான். விமான நிலையத்தில் நீ அழுதபோது, "கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிடும்"னு சொன்னவன், இப்போது குறுக்கே விழுந்தால் நன்றாக இருக்காது.

டிசம்பர் கல்யாண சீசன். மெத்தை ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. எனக்குப் பதிலாக நம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் அடுத்த மாசம் வருகிறார். மகனை அங்கே கல்லூரியில் சேர்க்க வேண்டுமாம். நீ இருக்கும்போது அவர் ஓட்டலில் தங்கினால் எனக்குத்தான் கேவலம். உனக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.

போகும்போது சொன்னேனே, மூன்று மாசத்துக்கு ஒரு தரம் மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லி, போடுகிறாயா? ஒரே இடத்தில் படுத்தால் குழி விழும், முதுகு போய்விடும். ஊராரின் முதுகைக் காப்பாற்றுகிறவன், கட்டியவளின் முதுகைக் கோட்டை விட்டான் என்று பேச்சு வரக்கூடாது.

இப்படிக்கு,
மெத்தைக்கடைக்காரன்


ஆகஸ்ட் 24

என்னங்க,

எனக்கு லேசாக ஜலதோஷம், மற்றபடி நலம். நீங்கள் இருவரும் எப்படி? மொட்டைமாடிப் படியில் ஏற வேண்டாமென்று நான் சொன்னதாக அத்தையிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்பார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். விருந்தே மருந்துக்கடைக்காரராக வந்தால் பத்து நாள் போலிருக்கிறது. மனுஷர் தங்கமானவர். வந்த அன்றே என் மருந்துப் பெட்டியைத் திறந்து, தேதி முடிந்த மாத்திரைகளையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்கினார். அவருடைய குறட்டை மட்டும் சுவரைத் தாண்டி ஹாலுக்கு வந்துவிடும். சோபாவில் படுத்துப் பத்து நாள் அதைக் கேட்டேன். சிரிக்காதீர்கள், வீட்டில் இன்னொருவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

தலையணை அடிபட்டு வந்து சேர்ந்தது. சுங்கத்தில் அதன் ஓரத் தையலைப் பிரித்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார்களாம். "பஞ்சுதாங்க, வெறும் பஞ்சு"ன்னு இவர் கெஞ்சியிருக்கிறார். நான் திரும்பத் தைத்துவிட்டேன். நீங்கள் பார்த்தால் கோணல் தையல் என்று பிரித்துப் போடுவீர்கள்.

"அவர் எப்படி இருக்கார்?"னு கேட்டேன். "அவருக்கென்னம்மா! எந்நேரமும் கூட்டம். சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கிட்டு இருக்கார். ராத்திரி நான் கடையை மூடிட்டுப் போறப்பகூட அங்க விளக்கு எரியுது. அவ்வளவு யாவாரம்"னு சொன்னார். நல்லது. எனக்கும் சந்தோஷம்தான்.

மெத்தையைத் தவறாமல் திருப்பிப் போடுகிறேன். டிசம்பரில் ஒரு வாரமாவது வரப் பாருங்கள்.

உங்கள்,
டீச்சர்


செப்டம்பர் 30

டீச்சருக்கு,

பதில் போடத் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவும் நலம், நீ சொன்னதைச் சொன்னேன், படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். பெற்ற பிள்ளை சொன்னால் ஏறுகிற கால், மருமகள் சொன்னால் இறங்குகிறது. ஜலதோஷம் விட்டதா?

மருந்துக்கடைக்காரர் உன் புகழைக் கடை கடையாகப் பாடிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் உன் மாணவர்கள் எழுந்து உனக்கு இடம் கொடுத்தார்களாமே. "டீச்சரம்மா அங்க நல்லா வேர் புடிச்சிட்டாங்க"ன்னு அவர் சொன்னபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று தரம் தவறிவிட்டது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

நான் சிரித்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னாராக்கும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எவன் மெத்தை வாங்குவான்?

டிசம்பரில் என்னால் முடியாது. அக்கா வருகிறாள். மகள் வீட்டுக்குப் போகிற வழியில் உன்னோடு பத்து நாள். நம் குடும்பத்து ரேடியோ, உனக்குத் தெரியாததா? வாயை மூடவே மாட்டாள். நீ காதைக் கழற்றி வைத்துவிடு.

இப்படிக்கு,
மெத்தைக்கடைக்காரன்


அக்டோபர் 17

என்னங்க,

சுகம்தான். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

நான் இருப்பது வீடா, சத்திரமா? சித்தப்பா வந்தார், சித்தி வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், இப்போது உங்கள் அக்கா வருகிறார். வரட்டும், எல்லோருக்கும் சோறு போடுகிறேன், கட்டிலைக் கொடுக்கிறேன், பஸ் ஏற்றி விடுகிறேன். வர வேண்டிய ஆளுக்கு மட்டும் கல்யாண சீசன். ஊரில் ஒரு கல்யாணம்கூட உங்கள் மெத்தை இல்லாமல் நடக்காதா?

ஒவ்வொருவரும் வந்து கதவைத் தட்டும்போது, மூன்று மாடி ஏறி வந்த மூச்சுச் சத்தம் முதலில் கேட்கும். யார் வருகிறார்கள் என்று தெரிந்திருந்தும், அது நீங்களாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். இதை எழுத வேண்டாமென்று இருந்தேன். எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

டீச்சர்


நவம்பர் 28

டீச்சருக்கு,

இங்கே நலம்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறாய். வந்து போகிறவர்களால் உனக்கு எவ்வளவு தொந்தரவு என்று இப்போதுதான் தெரிகிறது. அக்காவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அவளோடு சரி. இனி யாரையும் அனுப்பமாட்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. நன்றாக நடக்கிற வேலையை எனக்காக விட வேண்டாம். இங்கே ஒரு குறையும் இல்லை. சமையலை அம்மா பார்த்துக்கொள்கிறாள். கடை நன்றாக ஓடுகிறது.

இப்படிக்கு,
மெத்தைக்கடைக்காரன்


டிசம்பர் 27

என்னங்க,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் அக்கா பத்து நாள் இருந்துவிட்டு நேற்று மகள் வீட்டுக்குக் கிளம்பினார். விடுமுறை என்பதால் முழு நேரமும் அவரோடேயே இருந்தேன். கட்டிடத்துக்கு அடியில் சலவை மெஷின் இருக்கிறது. காசு போட்டுவிட்டு, துணி சுற்றி முடிகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவர் பேசுவார், நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் காதைக் கழற்றி வைக்கச் சொன்னீர்கள். நான் வைக்கவில்லை. நம் வீட்டுப் பேச்சை அந்த ராகத்தில் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. சிறு வயதில் நீங்கள் பஞ்சு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு தூங்கிப்போன கதையைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான், தெரியாதது போல் கேட்டேன்.

ஒரு குறை சொன்னார். கட்டில் அவருக்குச் சரிப்படவில்லையாம். முதுகுவலி என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஜனவரி கடைசி நாள் வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் உங்களுக்கு வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். இல்லையென்றால் இதுவே முடிவு.

டீச்சர்


ஜனவரி 22

டீச்சர்,

அம்மா சுகம். என்னைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முந்தாநாள் மருந்துக்கடையிலிருந்து உனக்கு போன் செய்தேனே, அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். பின்னால் இருமல் மருந்துக்கு ஒரு வரிசை நின்றது. அத்தனை பேரும் என் முதுகையே பார்த்தார்கள். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன். கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்"னு சொன்னாய். "சரி"ன்னு சொல்லி வைத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர்கூட, "இதுக்கா டிரங்க் கால்?"னு கேட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். போன வாரம் அக்கா ஊர் திரும்பிக் கடைக்கு வந்தாள். உன் சமையல், உன் பள்ளிக்கூடம், சலவை மெஷின் எல்லாம் முடிந்து மெத்தைக்கு வந்தாள்.

"நீ எல்லாம் ஒரு மெத்தைக்காரனாடா? உன் பொண்டாட்டி மெத்தைய வந்து பாரு. செவுத்து ஓரமா ஒரே பள்ளம். நான் உருண்டு உருண்டு அதுக்குள்ளயே போய் விழுந்தேன். சரின்னு இந்தாண்ட நகந்து படுத்தா பலகை மாதிரி இருக்கு, கடையில இருந்து அன்னைக்குத்தான் எடுத்தது மாதிரி புத்தம்புதுசு. அவ்வளவு பெரிய கட்டில்ல அவளுக்கு நடுவுல படுக்கத் தெரியாதா?"

அவள் அதற்கப்புறம் என்னென்னவோ சொன்னாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

இருபது வருஷமாகப் பழைய மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சடித்துத் தைக்கிறேன். யார் எந்தப் பக்கம் படுத்தார்கள் என்று கையை வைத்தாலே தெரிந்துவிடும். இது பெரிய வித்தை இல்லை, தொழில் பழக்கம். தனியாக இருக்கிறவர்கள் சில மாசத்தில் நடுவுக்கு நகர்ந்துவிடுவார்கள், குழி நடுவில் விழும். பக்கத்தில் ஆள் வரும் என்று இடம் விட்டுப் படுக்கிறவர்களுக்குத்தான் ஓரத்தில் விழும். நம் வீட்டிலும் நீ சுவர்ப் பக்கம்தான்.

மெத்தையைத் தவறாமல் திருப்பிப் போடுவதாக எழுதினாயே, திருப்பியிருந்தால் ஒரு பக்கம் குழியும் ஒரு பக்கம் புதுசுமாக எப்படி இருக்கும்? மெத்தைக்காரனிடமே பொய் சொல்லியிருக்கிறாய்.

நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று பார்த்துவரத்தான் ஒவ்வொருவரையும் அனுப்பினேன். கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. போனவர்களெல்லாம் நீ சிரித்ததைப் பார்த்து வந்து சொன்னார்கள். நான் வந்து நின்றால் உன் நல்ல வாழ்வுக்கு நடுவில் நிற்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். மடையன்.

இப்போது என்னைப் பற்றி. நான் வீட்டில் படுப்பதில்லை. நீ போன அடுத்த வாரத்திலிருந்து கடையில்தான், பஞ்சு மூட்டை மேல். நம் அறையில் தூக்கம் வரவில்லை. ராத்திரி விளக்கு எரிவது யாவாரத்தால் இல்லை. அம்மாவுக்குத் தெரியும், உனக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. மறுபடி போன் செய்தாலும் இது வாயில் வராது, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் மாசக் கடைசிக்குள் வந்து சேருமா என்று தெரியாது. சேர வேண்டும்.

நான்தான்


பிப்ரவரி 6

என்னங்க,

கடிதம் நேற்றுத்தான் வந்தது.

31ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று மதியம் வரை காத்திருந்தேன். பாட இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய்த் தபால் பெட்டியைப் பார்த்தேன். பிறகு பள்ளிக்குத் திரும்பி, முதல்வரின் அறைக்குப் போய்ப் போட்டேன். போன மாசம் நீங்கள் சொன்ன "சரி" காதிலேயே இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். கீழ் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஆமாம், மெத்தையைத் திருப்பவே இல்லை. ஒரு தரம் பாதி தூக்கினேன். திருப்பினால் நான் படுத்த இடம் உங்கள் பக்கத்துக்கு வந்துவிடும். நீங்கள் வரும்போது உங்கள் பக்கம் அமுங்காமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். விருந்தாளிகளைக் கட்டிலில் படுக்க வைத்தபோதெல்லாம் உள்ளே ஒரு சின்ன எரிச்சல் இருக்கும். அந்தப் பக்கத்தில் யாரோ படுக்கிறார்களே என்று.

ஜூலையில் அடித்த வரி: "என்னைத் திரும்பி வரச் சொல்லுங்கள்." அன்றே அடிக்காமல் விட்டிருக்கலாம். நீங்கள் போகச் சொன்னீர்கள், வந்தேன். வரச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்டால், முடியாமல் ஓடிவந்துவிட்டாள் என்று நினைத்துவிடுவீர்களோ என்று ஒரு வீம்பு.

இன்று முதல்வரிடம் போய் நின்றேன். போட்ட கையெழுத்தை மொத்தமாக அழிக்க முடியாது, பரீட்சை வகுப்பை நடுவில் விட்டுப் போக முடியாது, ஒரு வருஷமாகக் குறைத்துத் தருகிறேன் என்றார். இரண்டு, ஒன்றாகியிருக்கிறது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கடையில் படுக்காதீர்கள். அத்தை தனியாக இருக்கிறார். அவர் வாங்கிய சத்தியத்தை நானே உடைத்ததாகச் சொல்லுங்கள்.

ஒரு வருஷம் எனக்கு ரொம்ப நீளமாகத் தெரிகிறது. வாருங்கள். சீசன் முடிந்தாவது வாருங்கள்.

உங்கள்,
டீச்சர்


மார்ச் 2

டீச்சருக்கு,

அம்மா சௌக்கியம். நான் ஒரு வாரமாக வீட்டில்தான் படுக்கிறேன். சத்தியம் வாங்கியது நான், அவள் இல்லை, உன் கணக்கே தப்பு. ஆனாலும் சொன்னேன். "இப்பவாவது ரெண்டு பேருக்கும் வாயி தொறந்துச்சே"ன்னு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். மூன்று மாசம் அங்கே இருப்பாளாம். ஒரு ரேடியோவும் ஒரு பிடிவாதமும் ஒரே வீட்டில். அவர்கள் பாடு.

கையில் இருந்த ஆர்டரை முடித்துவிட்டேன். ஏப்ரல், மே, ஜூன் கடைக்குப் பூட்டு. சித்தப்பா, "யாவாரம் கெட்டுப்போகும்டா"ன்னு சொன்னார். போகட்டும் என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று. ஏப்ரல் 6, சாயங்காலம் விமானம் அங்கே வந்து சேர்கிறது. விமான நிலையத்துக்கு வராதே. நானே வந்து கதவைத் தட்டுகிறேன். மூச்சு வாங்குகிற சத்தத்தை ஜன்னல் பக்கம் நின்று மறைக்கமாட்டேன், நீ கேட்டுக்கொள்.

பள்ளிக்கு லீவு சொல்லாதே. நாலு வகை சமைக்காதே. தனியாக இருக்கும்போது என்ன சாப்பிடுகிறாயோ, அதைப் போடு, பார்க்கிறேன். தலையணைத் தையலைப் பிரித்துச் சரியாகத் தைக்க ஊசியும் நூலும் கொண்டுவருகிறேன். மெத்தையில் கை வைக்காதே, உன் பக்கத்துக் குழி அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கம் பலகை மாதிரி இருக்கிறதாமே. இரண்டு வருஷமாக மூட்டை மேல் படுத்தவனுக்கு அது போதும்.

விருந்தாளி வந்தால் ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்வாயாமே. இந்தத் தடவை படுக்காதே.

உன்,
மெத்தைக்கடைக்காரன்